சூரிச்சில் நூறு பிராங்கும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும்

சென்ற இதழில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பதினெட்டு ஆண்டுகள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்த்தவள் என்று அதில் ஒரு வரி வந்திருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஐரோப்பாவிலேயே விலை அதிகமான ஊர்களில் ஒன்று அது. கொஞ்சப் பணத்தோடு போய்வர முடியுமா என்பதுதான் பெரும்பாலானவர்களின் கேள்வி. குறைந்த சம்பளத்தில் அங்கே குடித்தனம் நடத்தியவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். விலைகள் எல்லாம் சுமாரான கணக்கு. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் ஏறும்.

விடுமுறையில் நான்கு நாள் சூரிச் போக ஆசை. நாள் ஒன்றுக்கு எழுபது பிராங்க்தான் ஒதுக்க முடியும். போதுமா? — முதுகலை மாணவர் ஒருவர்

போதாது, தம்பி. தெரிந்தவர் வீட்டில் தங்குவதாக இருந்தால் எழுபது தாராளம். படுக்கைக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றால் கணக்கு இடிக்கும். பலர் சேர்ந்து தங்கும் விடுதி அறையில் ஒரு கட்டிலுக்கே நாற்பத்தைந்து முதல் அறுபது பிராங்க் வரை ஆகும். ஐம்பது என்று வைத்துக்கொள்வோம். நகருக்குள் 24 மணி நேர டிராம் டிக்கெட்டுக்கு ஒன்பது பிராங்க் போனால் மிச்சம் பதினொன்று. ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி முதல் நாளை உற்சாகமாக ஓட்டிவிடுவீர்கள். மூன்றாம் நாள் எந்தத் தேவாலயத்துக்குப் போனாலும் கண் பெஞ்சைத்தான் தேடும்.

கையில் இருப்பது இருநூற்று எண்பது பிராங்க். அதை மூன்று நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். நாளைக் குறையுங்கள், வயிற்றைக் குறைக்காதீர்கள். மூன்று நாளில் அந்த ஊரை நன்றாகவே பார்த்துவிடலாம். சொந்தச் செலவில் வருகிறவர் நாளுக்குச் சுமார் நூறு பிராங்க் காட்ட வேண்டும் என்பது சுவிஸ் அரசே விசாவுக்கு வைத்திருக்கும் அளவு. மாணவர் அட்டை உள்ளவர்களுக்கு அது முப்பது. இந்த முப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது விண்ணப்பத்துக்கான கணக்கு; விடுதிக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு கட்டில் தரமாட்டார்.

விடுதி தேடும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் விருந்தினர் சமைத்துக்கொள்ள அடுப்பு உண்டா என்று பாருங்கள். ஐந்து பிராங்க் கூடுதலானாலும் அடுப்புள்ள இடமே லாபம். அரிசியும் சிவப்புப் பருப்பும் எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும். ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையை ஒட்டிப் போக வேண்டாம். அன்று ஸ்ட்ரீட் பரேட் என்ற பெரிய இசை ஊர்வலம் நடக்கும். கட்டில் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

இன்னும் இரண்டு விஷயம். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா, பிராங்கிலா என்று இயந்திரம் கேட்டால் பிராங்க் என்றே அழுத்துங்கள். மற்றதில் மாற்று விலை மோசமாக இருக்கும். பக்கத்து நாடுகளில் வாங்கிய சிம் அட்டை சுவிட்சர்லாந்தில் வேலை செய்யுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத நாடு. எல்லை தாண்டியதும் கட்டணம் எகிறிப் பலர் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே டிராமில் ஏற டிக்கெட் சரிபார்க்கும் வாயிற்கதவு எதுவும் இல்லையாம், டிக்கெட்டை யாரும் பார்ப்பதில்லையாம். உண்மையா? — பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

வாயிற்கதவு இல்லை என்பது உண்மை. யாரும் பார்ப்பதில்லை என்பது பொய். பரிசோதகர்கள் திடீரென்று ஏறுவார்கள். டிக்கெட் இல்லாமல் முதல் முறை பிடிபட்டாலே அபராதம் நூறு பிராங்க் அளவில் இருக்கும். அடுத்தடுத்த முறைக்கு ஏறிக்கொண்டே போகும். அபராதத்தை விடுங்கள். தெருப் பெருக்குகிறவரும் வங்கி அதிகாரியும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து போகிற டிராம் அது. கதவு வைக்காமல் மனிதர்களை நம்பி ஓட்டுகிறார்கள். அதை ஏமாற்றி மிச்சம் பிடிப்பதற்கு வழி சொல்ல எனக்கு மனம் வராது.

டிக்கெட் வாங்கியும் மாட்டிக்கொள்வது உண்டு. அது எனக்கே நடந்தது. வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊட்லிபெர்க் மலைக்குப் போகும் எஸ்10 ரயிலில் ஏறினேன். கையில் நகர டிக்கெட் இருந்தது. பரிசோதகர் அதை வாங்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, தலையை ஆட்டினார். நகரம் 110-ஆம் கட்டண மண்டலம். மலை உச்சி நிலையம் வேறு மண்டலம். எனக்கு அப்போது பாஷை தெரியாது. அவர் வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டியபோதுதான் விளங்கியது. அன்று கட்டிய அபராதம் ஒரு வாரத்து மளிகைப் பணம். வீட்டுக்கு வந்து அந்த மண்டல வரைபடத்தைச் சமையல் மேடைக்கு மேலே ஒட்டி வைத்தேன்.

அதனால் இதை மட்டும் மனதில் வையுங்கள். விமான நிலையமும் 110-க்குள் வராது. அங்கிருந்து நகருக்கு வரத் தனியாகச் சுமார் ஏழு பிராங்க் டிக்கெட். ரயில் என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதே டிக்கெட்டில் 10-ஆம் எண் டிராமிலும் வரலாம். அரை மணிக்கு மேல் பிடித்தாலும் ஊரைப் பார்த்துக்கொண்டே வரலாம். நகருக்குள் வந்த பிறகு, ஒரு முறை போகும் டிக்கெட் இரண்டு வாங்கினால் ஆகும் விலைதான் 24 மணி நேர டிக்கெட்டுக்கும். இரண்டு தடவை ஏறுவதாக இருந்தாலே அதை வாங்கிவிடுங்கள். காலை பத்து மணிக்கு வாங்கினால் மறுநாள் காலை பத்து வரை ஓடும்; நள்ளிரவோடு முடிந்துவிடாது.

நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ரயில் மாறும் வழியில் ஒன்றரை நாள் சூரிச்சில் இருப்போம். அவருக்கு முழங்கால் வலி. கட்டணம் கொடுத்துப் பார்க்கும் இடங்களை முடிந்தவரை தவிர்க்க விரும்புகிறோம். — ஆசிரியை ஒருவர்

டீச்சர், உங்கள் கடிதத்தை வாசித்ததும் மனதுக்குள் உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். மேலே சொன்ன 24 மணி நேர டிக்கெட் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த டிக்கெட்டே உங்கள் சுற்றுலாப் பேருந்து.

பெரிய ரயில் நிலையத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சென்ட்ரல் என்ற சந்திப்பு. அங்கே ஒரு கட்டடத்தின் இடுக்கில் சின்னச் சிவப்பு வண்டி நிற்கும். அதுதான் போலிபான். 1889-இல் ஓடத் தொடங்கிய கம்பிவட ரயில். உங்கள் டிக்கெட் அதிலும் செல்லும். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் மேலே கொண்டுபோய்விடும். இறங்கினால் ஐன்ஸ்டைன் 1896 முதல் 1900 வரை படித்த தொழில்நுட்பக் கல்லூரியின் முற்றம். முழு நகரமும் காலடியில் விரியும்: கோபுரங்கள், கூரைகள், நாள் தெளிவாக இருந்தால் ஏரிக்கு அப்பால் பனிமலைகள். வேறு ஊர்களில் இந்தக் காட்சிக்கு ஒரு கோபுரம் கட்டி டிக்கெட் விற்பார்கள். இங்கே மாணவர்கள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பார்கள். நீங்களும் உட்காருங்கள். கீழே வரவும் அதே வண்டி, முழங்கால் பிழைத்தது.

பிறகு சென்ட்ரலில் 4-ஆம் எண் டிராம் பிடித்து ஹெல்ம்ஹவுஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். எதிரே இரட்டைக் கோபுரத்தோடு நிற்பது கிராஸ்மன்ஸ்டர் தேவாலயம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. கோபுரம் ஏறத்தான் ஐந்து பிராங்க். அது 187 படி, உங்கள் கணவருக்கு வேண்டவே வேண்டாம். உள்ளே போய்ப் பின்புறச் சன்னல்களைப் பாருங்கள். சிக்மர் போல்கே என்ற ஜெர்மன் ஓவியர் 2009-இல் முடித்துக் கொடுத்தவை. அவற்றில் ஏழு சன்னல்களுக்கு ஓவியம் தீட்டிய கண்ணாடி கிடையாது. அகேட் என்ற மணிக்கல்லை அப்பளம்போல மெல்லிசாகச் சீவி ஒட்டியிருக்கிறார். கல்லுக்குள்ளே வளையம் வளையமாகச் சிவப்பும் நீலமும் பழுப்பும் ஓடும். வெயில் ஏறும்போது கிட்டத்தில் போய் நின்றால் வெட்டிய பழத்தின் உட்புறம் போலத் தெரியும். வேலை முடிந்து கைகால் ஓய்ந்த பல நாட்களில் நான் அந்தச் சன்னல்களுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். யாரும் எழுந்து போ என்று சொன்னதில்லை.

பாலத்துக்கு அக்கரையில் ஃபிராமன்ஸ்டர். இங்கே ஐந்து பிராங்க் கேட்பார்கள். கட்டணம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் இந்த ஓரிடத்தில் கொடுத்துவிடுங்கள். மார்க் ஷகால் 1970-இல் செய்த ஐந்து உயரமான சன்னல்கள் உள்ளே இருக்கின்றன. நடுவில் உள்ள பச்சைச் சன்னலை நிதானமாகப் பாருங்கள். இரண்டு பேருக்குப் பத்து பிராங்க். ஒரு காப்பிக் கடையில் இரண்டு கோப்பைக்குப் போகிற பணம்தான். பக்கத்திலேயே செயின்ட் பீட்டர் தேவாலயத்தின் கடிகாரம் தெரியும். முகப்பின் விட்டம் எட்டரை மீட்டருக்கு மேல். அதை வெளியே நின்று பார்த்தாலே போதும்.

ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் போகிறீர்கள் என்றால் தேசிய அருங்காட்சியகத்தின் அருகே லிம்மாட் ஆற்றுப் படகில் ஏறுங்கள். பாலங்களுக்கு அடியில் நுழைந்து போக வேண்டும் என்பதால் தட்டையாகக் கட்டிய படகு. நகரத்தின் நடுவாகப் போய் ஏரியில் இறங்கும். இதற்கும் அதே டிராம் டிக்கெட் செல்லும் என்பதைப் பலர் அறியாமல் தனிப் படகுச் சவாரிக்குக் காசு கொடுக்கிறார்கள்.

நீங்கள் போகும் நாள் புதன்கிழமையாக அமைந்தால் குன்ஸ்ட்ஹவுஸ் ஓவியக் கூடத்தின் நிரந்தரத் தொகுப்பை இலவசமாகப் பார்க்கலாம். கழிப்பறை விஷயம் கடிதத்தில் எழுதக் கூச்சப்பட்டிருப்பீர்கள், நானே சொல்கிறேன். ரயில் நிலையத்தில் காசு. நகரத்துக்குள் 'Züri WC' என்று எழுதிய மாநகராட்சிக் கழிப்பறைகள் பல இருக்கின்றன. பெரும்பாலும் இலவசம், சுத்தம்.

தண்ணீர் பாட்டில் என்ன விலை? — இல்லத்தரசி ஒருவர்

வாங்கவே வாங்காதீர்கள். நகரத்தில் 1,200-க்கும் மேற்பட்ட நீரூற்றுத் தொட்டிகள் இருக்கின்றன. சிங்க வாய், மீன் வாய், வெறும் பித்தளைக் குழாய் என்று எதில் விழுந்தாலும் குடிக்கலாம். குடிநீர் அல்ல என்று பலகை தொங்கும் சிலவற்றைத் தவிர. காலிப் பாட்டில் ஒன்று எடுத்துப் போங்கள். உணவகத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் அதற்கும் சில இடங்களில் விலை போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எட்டும் பதினொன்றும் வயதான இரண்டு பிள்ளைகளோடு போகிறேன். சைவம். மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். — வேலைக்குப் போகும் அம்மா

கட்டுப்படியாகாதுதான், சகோதரி. உணவகத்தில் உட்கார்ந்து ஒரு தட்டு வாங்கினால் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து பிராங்க். மூன்று பேர், ஒரு வேளை, நூறு பிராங்க் கண்ணிமைப்பதில் போய்விடும்.

அந்த ஊரில் ஏழை எளியவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1925-இல் கொட்லீப் டுட்வைலர் என்பவர் ஐந்து லாரிகளில் ஆறே ஆறு சாமான்களை ஏற்றிக்கொண்டு சூரிச் தெருக்களில் விற்கத் தொடங்கினார். காப்பி, அரிசி, சர்க்கரை, மாக்கரோனி வகை, தேங்காய்க் கொழுப்பு, சோப்பு. இடைத்தரகர் இல்லாததால் விலை குறைவு. கடைக்காரர்கள் கொதித்தார்கள், வீட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அதுதான் மீக்ரோ. இன்றைக்கு நாடு முழுவதும் இருக்கும் கூட்டுறவுக் கடை. கூப் என்பது அதற்குப் போட்டியான இன்னொரு கூட்டுறவு. இரண்டிலும் மலிவு வரிசை ஒன்று உண்டு: மீக்ரோவில் 'எம்-பட்ஜெட்', கூப்பில் 'பிரி கரன்டி'. அலமாரியின் கீழ்த்தட்டில் குனிந்து தேடுங்கள்.

என் வழக்கம் இது. காலையில் ரொட்டி, பால், பழம். மதியம்தான் சூடான சாப்பாடு, ஏனென்றால் மதிய நேரத்து 'டாகெஸ்மெனு', அதாவது அன்றைய சாப்பாடு, இரவு விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. மீக்ரோ, கூப் இரண்டும் பெரிய கிளைகளில் நாமே எடுத்துக்கொள்ளும் உணவுக்கூடம் நடத்துகின்றன. உருளைக்கிழங்கு, காய்கறி, பாஸ்தா என்று சைவம் சேர்த்து எடுக்கலாம். எடை போட்டு விற்கும் இடங்களில் பிள்ளைகளிடம் தட்டைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள், உருளைக்கிழங்கு கனக்கும். 1898 முதல் நடக்கும் ஹில்ட்ல் என்ற சைவ உணவகம் புகழ்பெற்றது, சாப்பாடும் அருமை. ஆனால் அங்கேயும் நாமே எடுத்துக்கொள்ளும் உணவுக்கு எடைபோட்டு விலை வாங்குவார்கள். பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஆசைக்குக் கூட்டிப் போங்கள், பழக்கமாக்காதீர்கள்.

சாயங்காலம் கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போனால் அன்றே விற்றாக வேண்டிய பொருள்களில் கால்வாசி தள்ளுபடி, பாதி விலை என்று ஒட்டுச் சீட்டு ஒட்டுவார்கள். ரொட்டி, தயிர், நறுக்கிய பழம். என் பிள்ளைகள் அந்தச் சீட்டைத் தேடிப் பிடிப்பதையே விளையாட்டாக வைத்திருந்தார்கள். முந்தைய நாள் மிஞ்சிய ரொட்டிகளைக் குறைந்த விலைக்கு விற்கவென்றே 2013-இல் சூரிச்சில் தொடங்கிய கடை 'எஸ்-பார்'. நேற்றைய ரொட்டி என்று முகம் சுளிக்காதீர்கள். சுவிஸ்காரர்களே வாங்கிப் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. இதை மறந்து சனி இரவு வெறுங்கையோடு விடுதிக்குத் திரும்பும் குடும்பங்கள் எத்தனையோ. பெரிய ரயில் நிலையத்தின் கீழே உள்ள கடைகள் போன்ற சில மட்டும் திறந்திருக்கும், கூட்டம் நெரியும். சனிக்கிழமையே இரண்டு நாளுக்கும் வாங்கிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு டிராமில் குறைந்த கட்டணம். கோடையில் ஓபரர் லெட்டன் என்ற ஆற்றுக் குளியலிடம் இலவசம்; ஆனால் ஓடும் நீர், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு ஏரிக்கரைப் புல்வெளிதான் சரி. மழை நாளில் பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள், கட்டணம் இல்லை.

நகரத்துக்கு வெளியே விண்டர்தூரில் அறை மலிவாக இருக்கிறது. அங்கே தங்கலாமா? — வங்கி ஊழியர்

ரயில் இருபத்தைந்து நிமிடம்தான். ஆனால் போகவர ஒருவருக்கு நாளுக்கு இருபத்தைந்து பிராங்குக்கு மேல் ஆகிவிடும். இருவர் என்றால் ஐம்பது. அறையில் ஐம்பதுக்கு மேல் மிச்சமானால் தங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

அங்குள்ள தமிழ்க் கோயில்களில் அன்னதானம் உண்டு என்கிறார்கள். மூன்று நாளும் அங்கேயே சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாமா? — வாசகர் ஒருவர்

அட்லிஸ்வில்லில் முருகன் கோயில் இருக்கிறது, கிளாட்புரூக்கில் சிவன் கோயில் இருக்கிறது. போருக்குத் தப்பி வந்து, உணவகங்களில் பாத்திரம் கழுவி, அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து எங்கள் மக்கள் எழுப்பிய கோயில்கள் அவை. கும்பிடப் போங்கள். பூசை முடிந்து இலை போட்டால் மனம் நிறையச் சாப்பிடுங்கள், பிறகு பந்தி எடுக்கக் கை கொடுங்கள். செலவைக் குறைக்கும் இடமாக மட்டும் அதைக் கணக்கில் எழுதாதீர்கள்.

இப்படி எண்ணி எண்ணிச் செலவழித்துப் போவதற்குப் போகாமலே இருக்கலாமே? — மூத்த வாசகர்

ஐயா, உங்கள் கேள்வி என்னை ஒரு வாரம் யோசிக்க வைத்தது. நான் சுற்றுலாப் பயணியாக அங்கே போகவில்லை. ஆனாலும் எண்ணி எண்ணிச் செலவழித்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

என் முதல் நவம்பர். மூடுபனி இறங்கி, பதினோரு நாள் சூரியனையே பார்க்கவில்லை. மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும். சமையலறையில் என்னோடு வேலை பார்த்த போர்த்துகீசியப் பெண் ஒருத்தி ஞாயிறு காலையில் வந்து கதவைத் தட்டினாள். 'மலைக்கு வா' என்றாள். ரயிலில் மாட்டிய கதையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு டிராம் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனாள். 13-ஆம் எண் டிராம் ஆல்பிஸ்குட்லி வரை போகிறது. அது நகர மண்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து ஊட்லிபெர்க் உச்சிக்குக் காட்டு வழியாக ஏற வேண்டும்.

ஒரு மணி நேரம் ஏறினோம். பீச் மரங்களிலிருந்து பனிநீர் சொட்டிக்கொண்டே இருந்தது. முன்னால் போகிறவளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. உச்சி நெருங்க நெருங்கச் சாம்பல் நிறம் வெளுத்துப் பால்போல ஆனது. அடுத்த வளைவில் திடீரென்று நீல வானம், முகத்தில் வெயில். கீழே நகரமும் இல்லை, ஏரியும் இல்லை. வெண்மையாக ஒரு பனிக்கடல் கிடந்தது. அதற்கு அப்பால் ஆல்ப்ஸ் மலைத்தொடர் முழுவதும் வரிசையாக நின்றது. அவள் துணிப்பையிலிருந்து வேகவைத்த உருளைக்கிழங்கும் காகிதத்தில் மடித்த உப்பும் எடுத்தாள். கிழங்கு இன்னும் சூடாக இருந்தது. அன்றைக்கு எனக்கு ஆன செலவு டிராம் டிக்கெட் மட்டும்.

உங்களுக்கும் ஏற முடியுமானால் காலை எட்டு மணிக்குள் டிராம் பிடியுங்கள்; ஞாயிறு என்றால் பத்து மணிக்கெல்லாம் உச்சியில் கூட்டம் சேர்ந்துவிடும். ஆல்பிஸ்குட்லியில் மஞ்சள் நிறக் கைகாட்டிப் பலகைகளில் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று போட்டிருக்கும். செருப்பு வேண்டாம், வழுக்காத, கயிறு கட்டிய காலணி போடுங்கள். ஏற முடியாவிட்டால் எஸ்10 ரயில் இருக்கிறது, கூடுதல் மண்டலத்துக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். உச்சியில் தேநீர் விலை அதிகம்; புறப்படும் முன் தெருமுனை நீரூற்றில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.